ப்ரொபோசல் அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன்

சாகசக் கதை எழுதுவது சுலபம்; அதை எழுதவிடுங்கள் என்று ஒருவரைச் சம்மதிக்க வைப்பதுதான் சாகசம்.

நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டு ஒன்று இருக்கிறது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, 'நான் கதவைத் திறக்கிறேன்', 'நான் ஓடிப்போகிறேன்' என்று சொல்வார்கள். கதவு திறந்ததா, ஆள் தப்பித்தாரா என்பதைப் பகடை சொல்லும். இப்படி ஆடுவதற்கான சாகசங்களைச் சிறு புத்தகங்களாகப் போடும் பதிப்பகங்கள் உண்டு. எடுத்த எடுப்பில் முழுசாக எழுதி அனுப்பினால் படிக்க மாட்டார்கள். என்ன எழுதப்போகிறோம் என்று முதலில் ஒரு ப்ரொபோசல் அனுப்ப வேண்டும். அவர்கள் சரி என்றால்தான் மீதி. பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப் கம்பெனியில் வரைபடம் போடுகிற நான், சில வருடங்களாக இந்த வேலையையும் செய்துவருகிறேன். எதையாவது எழுதி அனுப்பிவிட்டு மெயிலைத் திறந்து திறந்து மூடிய அனுபவம் உங்களுக்கும் இருக்குமானால், வாருங்கள், நாம் ஒரே கட்சி.

பன்னிரண்டு தலைமுறை

முதல் ப்ரொபோசலை பெங்களூரில் இருக்கும் ஒரு சின்னப் பதிப்பகத்துக்கு அனுப்பினேன். ஒரே பக்கம் போதும் என்று அவர்கள் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். அது சாதாரண ஆட்களுக்கான விதி என்று நினைத்து நான் பதினோரு பக்கம் அனுப்பினேன். அதில் ஒரு ராஜ்ஜியம், அதன் பன்னிரண்டு தலைமுறை ராஜாக்கள், யார் யாருக்கு விஷம் வைத்தார் என்ற விவரம், ஆற்றுக்கு இரண்டு பெயர் வந்த காரணம் எல்லாம் இருந்தன. இதைப் படித்துவிட்டு மறுக்க ஒரு ஆள் பிறந்து வர வேண்டும் என்று நம்பினேன்.

அந்த ஆள் பிறந்து, வளர்ந்து, அங்கே எடிட்டராகவே இருந்தார். பெயர் நித்யா. மூன்றாவது வாரம் பதில் வந்தது. நல்லதாக நாலு வார்த்தைக்குப் பிறகு இப்படி முடித்திருந்தார்: "ராஜாக்கள் எல்லாரும் செத்துவிட்டார்கள். சரி, ஆட வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு முதல் பத்து நிமிடத்தில் என்ன வேலை?"

கதவில்லாத அறை

அடுத்தது ஒரு பாதாளக் கோட்டை. வரைபடம் போடுவது என் தொழில் என்பதால் இதில் என்னை அசைக்க முடியாது என்று இருந்தேன். சாப்பாட்டு இடைவேளையில் கம்பெனி பிரிண்டரில் ஒரு பிரதி எடுத்தேன். நான் போய் எடுப்பதற்குள் சூப்பர்வைசர் பழனிச்சாமி எடுத்துவிட்டார். புது ஷெட்டுக்கான பிளான் என்று நினைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூலை மூலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விளையாட்டுக்கு என்று விளக்கினேன். திட்டப்போகிறார் என்று நின்றால், மனிதர் தாளை மேசையில் விரித்துப் பென்சிலை எடுத்தார். நடு அறையில் நான் பூதத்தை வைத்திருந்தேன். அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு, நிஜமான கவலையோடு கேட்டார்: "ஏனுங்க அம்மணி, இந்த ரூமுக்குக் கதவே இல்லீங்களே, பூதம் எப்படிங்க உள்ள போச்சு?"

மேட்டுப்பாளையம் ரோடு பஸ்ஸில்

கதவு வைத்து அனுப்பியும் கோட்டை திரும்பி வந்தது. 'இதுபோல எங்களிடம் ஏற்கெனவே எட்டு கோட்டை இருக்கிறது' என்று நித்யா எழுதியிருந்தார். வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது என் தோழன் ரஃபி போன் செய்தான். கோட்டைமேட்டில் பை தைத்து விற்கும் கடை வைத்திருக்கிறான். எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் நிரந்தர உறுப்பினன். "என்னாச்சு?" என்றான். பஸ் இரைச்சலில் நான் கத்த வேண்டியிருந்தது. "ப்ரொபோசல் ரிஜெக்ட் ஆயிருச்சு ரஃபி! ரெண்டாந்தடவ! இந்தத் தடவ மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னுட்டாங்க!"

போனை வைத்தபோது பஸ்ஸே அமைதியாக இருந்தது. பக்கத்து சீட்டில் பூக்கூடையோடு இருந்த அம்மா ஒரு முழம் மல்லிகையைக் கிள்ளி என் கையில் வைத்தார். விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். விடவில்லை. "அழுகாத கண்ணு, அவனுக்குக் குடுத்து வெக்கல, அவ்வளவுதான்."

பனிமலை

மூன்றாவதில் கோட்டையே இல்லை. பனிமலை, பனிப்புயல், பனிக்குள் புதைந்த ஒரு கோயில். அனுப்புவதற்கு முன் எங்கள் பங்குக் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் பள்ளி வகுப்பறையில் ஆடிப் பார்த்தோம். ஃபாதர் சாவியை என்னிடமே கொடுத்துவைத்திருக்கிறார். ஆட்டத்தில் ரஃபியின் பாத்திரம் செருப்பைத் தொலைத்துவிட்டது. அவன் விடாமல் கேட்டான், வெறுங்காலோடு பனியில் நின்றால் முதலில் வலிக்குமா, மரத்துப்போகுமா? எத்தனை அடி நடக்கலாம்? எனக்குத் தெரியவில்லை. பகடையைப் போடச் சொல்லிச் சமாளித்தேன்.

ஆட்டம் முடிந்ததும் தாள்களை அடுக்கிக் கொடுத்தபடியே சொன்னான்: "கோவிச்சுக்காதீங்க ஜெசி, நீங்க ஊட்டியக் கூட நெனக்கல, ஐஸ்க்ரீம் பெட்டிய நெனச்சு எழுதியிருக்கீங்க."

மேரியக்காவின் கொடி

பனிமலையை அனுப்பவில்லை. மதுக்கரைப் பக்கம் காட்டை ஒட்டிப் போகும் ரயில் பாதையை எடுத்துக்கொண்டேன். ஆடுபவர்கள் தண்டவாளம் பார்க்கும் கேங் ஆட்கள். குட்டியோடு ஒரு யானைக் கூட்டம் பாதையைக் கடக்கிறது. ரயில் வந்துகொண்டிருக்கிறது. நாலு மணி நேரம் ஆடுவதற்குத் திட்டம் போட்டிருந்தேன். இந்த முறை விஷயம் தெரிந்த ஒருவர் இருக்கட்டும் என்று, எங்கள் பாடகர் குழுவில் இருக்கும் மேரியக்காவை அழைத்தேன். அவர் நிஜமாகவே ரயில்வேயில் தண்டவாள வேலை செய்கிறவர். "வெளாட்டுத்தானே, வாரேன்" என்று பூசை முடிந்து நேராக வந்துவிட்டார்.

நான் காட்சியை வர்ணித்து முடித்தேன். மேரியக்கா, "நான் செவப்புக் கொடியக் காட்டி வண்டிய நிறுத்திப்போட்டேன்" என்றார். அவ்வளவுதான். வண்டி நின்றது, யானைகள் போய்விட்டன. பத்து நிமிடத்தில் ஆட்டம் முடிந்தது. ரஃபி சிரித்துச் சிரித்து மேசையில் தலையை வைத்துக்கொண்டான். எனக்கு அவமானமாக இருந்தாலும் விடவில்லை. "அக்கா, கொடியும் இருந்து, அப்புறமும் தப்பாப் போறதுக்கு வழி இருக்கா?" என்று கேட்டேன்.

அக்கா சிரிப்பை நிறுத்தினார். வளைவு இருந்தால் டிரைவருக்குக் கொடி தெரியாது என்றார். அதற்காகத் தண்டவாளத்தில் கட்டுகிற வெடி ஒன்று உண்டு, சக்கரம் ஏறினால் சத்தம் கேட்டு டிரைவர் பிரேக் போடுவார். ஆனால் அந்தச் சத்தத்துக்கு யானைக் கூட்டம் மிரண்டு எந்தப் பக்கம் ஓடும் என்று யாருக்கும் தெரியாது. இதையெல்லாம் அவர் சாக்பீஸால் மேசையிலேயே வரைந்து காட்டினார். பிறகு, ஒருநாள் விடிகாலையில் வேலைக்குப் போனபோது கண்ணெதிரிலேயே ஒரு குட்டி ரயிலில் அடிபட்டதைச் சொன்னார். பெரிய யானை நகராமல் பக்கத்திலேயே நின்றதாம். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "கொடி எங்க கையிலதான் இருந்துச்சு கண்ணு. நேரந்தான் இல்ல."

சரி என்ற சொல்

அன்று மாலையே உட்கார்ந்து ப்ரொபோசலைத் திருத்தினேன். வளைவு, கொடி, வெடி, குட்டி. வெடி வைத்தால் வண்டி நிற்கும், யானை நிற்காது. வைக்காவிட்டால் யானை நிற்கும், வண்டி நிற்காது. முதல் நிமிடத்திலிருந்தே எல்லாருக்கும் வேலை இருந்தது. அரைப் பக்கத்துக்கு மேல் எழுத எதுவும் இல்லை. நித்யாவுக்கு அனுப்பினேன். அனுப்பிய பிறகு முதல்முறையாக மெயிலைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. இது தேறிவிடும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

நான்காம் நாள் அவரே போன் செய்தார். ஏதோ திருத்தம் சொல்லப்போகிறார் என்று பேனாவை எடுத்துக்கொண்டேன். அவர் சொன்னார்: "நீங்க எழுதுங்க ஜெசிந்தா, இதப் படிச்சப்புறம் இந்த மாசம் நான் வேற யாரோட ப்ரொபோசலையும் எடுக்கப்போறதில்ல."

ஓரத்து நாற்காலி

புத்தகம் வந்து சில மாதம் கழித்து, ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு காபிக் கடையின் மாடியில் சனிக்கிழமை மதியம் அதை ஆடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். எல்லாரும் எனக்குப் புது முகம். வேடிக்கை பார்க்கலாமா என்று கேட்டு ஓரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். வாட்டசாட்டமான ஒரு ஐ.டி. ஆள் கையில் வெடி இருந்தது. மற்ற மூவரும் வை, வை என்கிறார்கள். அவர் குட்டி எங்கே நிற்கிறது என்று மூன்று முறை கேட்டார். கடைசியில் வெடியை வைக்காமல் கொடியை எடுத்துக்கொண்டு வளைவைத் தாண்டி ஓடுவதாகச் சொன்னார். நான் எழுதாத வழி அது. பகடையைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

குட்டி தப்பித்தது. எஞ்சின் ஒரு கை தூரத்தில் நின்றது. மேசையைச் சுற்றி ஒரே கூச்சல். அந்த ஆள் மட்டும் கர்சீப்பால் முகத்தைத் துடைத்தபடி என் பக்கம் திரும்பினார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. "ஏனுங்க, இத எழுதுன ஆளுக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இல்லீங்களா?"

மொத்தத்தில், முகம் தெரியாத நாலு பேரிடம் இப்படித் திட்டு வாங்குவதற்காக வருடக்கணக்கில் வரிசையில் நிற்கிற வேலை இது, எனக்கு அது ரொம்பவே ஒத்துப்போகிறது.