லைனுக்கு அந்தப் பக்கம்

வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் ஆபரேட்டரிடம் கேட்க வேண்டியிருந்த காலம் அது. டெலிபோன் ஆபீசில் லைன் போட்டுக் கொடுத்த அத்தைக்கு ஒரு கிறுக்கு இருந்தது. லீவு கிடைத்தால் போதும், காதில் மட்டுமே கேட்ட ஊர்களைப் பார்க்கச் சைக்கிளில் கிளம்பிவிடுவாள். டூரிஸ்ட் பஸ்களெல்லாம் அருவிப் பக்கம் திரும்ப, அவள் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்புவாள். அவள் மிதிக்கிற வேகத்தில் நாய்கள்கூடத் துரத்துவதை விட்டுவிட்டு வழிவிடும்.

காட்டுக்கு அப்பால் கடைசி ஊரில் இருந்த ஆபரேட்டர் அவளுடைய உயிர்த்தோழி. எட்டு வருஷமாக லைனிலேயே சண்டை, சிரிப்பு, மாமியார் கதை எல்லாம் உண்டு. முகம் மட்டும் பார்த்ததில்லை. ஆளில்லாமலே லைன் கொடுக்கும் மெஷின் வருகிறது, அந்த ஆபீசை மூடுகிறார்கள் என்றதும் அத்தை இரண்டு பகல் விடாமல் மிதித்தாள். கடைசி நாள் சாயங்காலம் போய்ச் சேர்ந்தாள்.

"வாங்க. சௌக்கியமா?" என்றாள் தோழி.

"சௌக்கியந்தாங்க."

அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு எழவில்லை. இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று நினைத்தாள் அத்தை. சட்டென்று எழுந்து பக்கத்து அறைக்குப் போய், அங்கிருந்த போனை எடுத்தாள். இந்தப் பக்கம் போர்டில் தோழி எடுத்தாள்.

"ஏண்டி, இவ்வளவு குள்ளமாவா இருப்பே?"

"நீ மட்டும் என்ன, தென்னமரமா? குரலக் கேட்டுச் சின்னப் பொண்ணுன்னுல்ல நெனச்சேன்."

சிரிப்பு போனிலும் கேட்டது, சுவர் வழியாகவும் கேட்டது. ஒயரைக் கழற்ற வந்த ஆள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வெளியே பெஞ்சில் போய்ப் படுத்துக்கொண்டார்.