தவம் அண்ணை எழுந்து நின்ற ஒரு நிமிடம்

கொழும்பில் வானவில் ஊர்வலத்தைப் படம்பிடித்து முடித்தபோதுதான் உறைத்தது: தன்பாலீர்ப்பாளர் வரலாறு பற்றிய என் ஆவணப்படத்தில் கிழக்கிலிருந்து ஒரு குரல்கூட இல்லை. பேசச் சம்மதித்தவர் ஒரே ஒருவர். திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற தவம் அண்ணை (பெயரை மாற்றியிருக்கிறேன்). அவரும் மனம் மாறிவிடக்கூடாதே என்று போன ஆவணியில் தனியாகப் பஸ் ஏறினேன்.

கொழும்பிலிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர், ஏழரை மணித்தியாலம். ஏசி பஸ்ஸில் போங்கள். நான் மிச்சம் பிடிக்கப்போய் ஹபரணை வரை நின்றேன். திருகோணமலைப் பஸ் நிலையத்தருகே வழக்கம்போல மான்கள் குப்பை மேய்ந்தன. ஆட்டோக்காரர் கேட்டார்: "பமிலி வரேல்லையோ? தனிய வந்து என்ன செய்யப் போறியள்?" நாற்பது வயதாகிறது, இந்தக் கேள்விக்கு இன்னும் பதில் தேடுகிறேன் ஐயா.

முகம் காட்ட ஏலாது, கை மட்டும்தான் என்றார் தவம் அண்ணை. இறந்துபோன செல்வனைப் பற்றி நிறையப் பேசினார். ஆனால் சேர்ந்து சமைத்தது, படகு வாங்கியது, செத்தவீட்டில் இவர் தெருவில் கதிரை அடுக்கியது என்று எல்லாக் கதையிலும் செல்வன் வெறும் "கூட்டாளி"தான். அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. இதை வைத்து நான் என்ன வரலாறு எடுக்க? எரிச்சலாக இருந்தது.

பேட்டி முடிந்தால் அறையின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவது எங்கள் வழக்கம், படத்தொகுப்புக்கு வேண்டும். "அண்ணை, ஒரு நிமிசம் ரெண்டு பேரும் கதைக்காமல் இருப்பம்" என்றேன்.

அவர் எழுந்தார். சாரத்தைச் சரிசெய்து தலைகுனிந்து நின்றார். செல்வனுக்கு மௌன அஞ்சலி என்று நினைத்துவிட்டார்! நான் திருத்தவில்லை. நானும் எழுந்து நின்றேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

உட்கார்ந்ததும் சொன்னார்: "செத்தவீட்டில எல்லாரும் அவன்ர தமையனுக்குத்தான் துக்கம் சொல்லிக் கை குடுத்தவை. எனக்கு ஒருத்தரும் குடுக்கேல்லைத் தம்பி. நான் கூட்டாளி இல்லை, அவன்ர ஆள். மெசின் ஓடுதோ?"

"ஓம் அண்ணை. நிப்பாட்டவோ?"

"வேண்டாம், ஓடட்டும்."

பின்னேரம் கடற்கரையில் தனியே தேத்தண்ணி குடித்தபடி, என்னவன் போனால் எனக்கு யார் கை கொடுப்பார்கள் என்று யோசித்தேன். முதலில் எனக்கென்று ஒருவன் வேண்டுமே. அழுகை வந்துவிட்டது.

கமராவோடு போகிறவர்களுக்கு: கடற்படை வாசல் பக்கம் அதைத் தூக்காதீர்கள். திரும்பும் பஸ்ஸுக்கு முதல்நாளே இடம் பதியுங்கள். தன்பாலுறவு சட்டப்படி இங்கே இன்னும் குற்றம், ஆகவே முகத்தைக் காட்டச் சொல்லி யாரையும் கெஞ்சாதீர்கள். வெளிக்கிடும்போது மறக்காமல் கை கொடுங்கள். நான் கொடுத்தேன், தவம் அண்ணை நெடுநேரம் விடவில்லை.