பறவைத் தீவில் நான் வைத்த எலிமருந்து

சுங்கை ஊடாங்கில் பார்த்துவந்த கான்ட்ராக்ட் வேலை முடிந்த பிறகு, கோலா சுங்கை பாருவிலிருந்து படகில் போய்வரும் வேலை ஒன்று எனக்குக் கிடைத்தது. கரையிலிருந்து வெகுதூரத்தில் ஒரு பாறைத் தீவு. குடியிருப்பு இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. வருஷத்தில் சில மாதம் ஆலா என்கிற கடல் பறவைகள் அங்கே வந்து முட்டையிடும். கூடு கட்டாது. வெறும் பாறையில் முட்டையை வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். அதனால் அங்கே யாரும் இறங்கக்கூடாது. பறவைகளைக் கவனிக்கும் அதிகாரியும், அவருக்குச் சாமான் தூக்கும் நானும் மட்டும் இறங்குவோம். அதிகாரி நம் தமிழ்ப் பெண்தான், என் மகள் வயது.

இந்த வருஷம் முட்டைகள் நிறைய உடைந்து கிடந்தன. எல்லாம் எலி வேலை. எந்தப் படகில் ஏறி வந்ததோ தெரியாது. அடுத்த முறை போனபோது அந்தப் பெண் என்னிடம் சில பெட்டிகளையும் ஒரு பையையும் நீட்டினாள்.

"அங்கிள், இந்த மருந்தப் பெட்டிக்குள்ள போட்டு பாறை இடுக்குல வச்சிருங்க. பெட்டி வாய் சின்னது, பறவை உள்ள போகாது."

நான் கை நீட்டவில்லை. எங்கள் வீட்டுச் சாமி பிள்ளையார். சதுர்த்தி விரதம் தவறியதில்லை. வீட்டில் எலி வந்தால்கூடக் கூண்டில் பிடித்து, மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்ப் புதரில் விட்டுவிட்டு வருவேன்.

"என்னால முடியாதும்மா. அது பிள்ளையார் வாகனம்."

"அப்ப அந்த முட்டையெல்லாம் யாரு வாகனம் அங்கிள்?"

"அதில்லம்மா. வீட்ல பொண்ணு மாசமா இருக்கா. இந்த நேரத்துல உயிர எடுக்கக்கூடாது."

அவள் கிண்டலை நிறுத்திவிட்டாள். "சரி, முடிஞ்ச வரைக்கும் நானே வைக்கிறேன். ஆனா அலை அடங்கியிருக்கிற நேரம் கொஞ்சம்தான். ஒரு ஆளால தீவு முழுக்க வைக்க முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க."

புக்கிட் காத்திலில் இருக்கும் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "வேலைய விட்டுருங்க. ரெண்டு தடவ கலைஞ்சு இப்பத்தான் தங்கியிருக்கு," என்றாள். நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த மகள், "முட்டைய எலி திங்கிறத அப்பா சும்மா நின்னு பாத்தா மட்டும் புண்ணியமாம்மா?" என்றாள்.

"நீ வாய மூடு. வயித்துல இருக்கிறது கேக்குது."

"கேக்கட்டும் லா."

கோயிலில் குருக்களைக் கேட்டேன். பல உயிருக்கு நல்லது என்றால் தப்பில்லை என்றார். நான் செருப்பு மாட்டும்போது பின்னாலேயே வந்து, "ஆனா நீங்க வைக்காம இருந்தா நல்லதுதான்," என்றார். போகும்போது இருந்ததைவிட அதிகம் குழம்பித் திரும்பினேன்.

மறுவாரம் தீவில் ஒரு பறவையைப் பார்த்தேன். அதன் அடியில் முட்டை இல்லை. ஓட்டுத் துண்டும் ஈரமும்தான். அது எழுந்து, நெஞ்சை அசைத்துச் சரிசெய்து, மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தது. திரும்பத் திரும்ப அப்படியே செய்தது. நான் அந்தப் பெண்ணிடம் போய் மருந்துப் பையை வாங்கிக்கொண்டேன். எந்த வேலையையும் பிள்ளையார் பெயரைச் சொல்லித் தொடங்குவது என் வழக்கம். அன்று எந்த வாயால் சொல்வது? சொல்லாமலே பெட்டிகளை வைத்தேன்.

இப்போது குஞ்சுகள் இருக்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் கல்லும் குஞ்சும் ஒரே நிறம். அந்தப் பெண் பைனாகுலரை என் கையில் கொடுத்து, "பாருங்க அங்கிள், உங்க பேரப்புள்ள," என்றாள். பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதே காலை ஒரு பாறைக்குக் கீழே செத்த எலி ஒன்று கிடந்தது. செத்ததைத் தீவில் விடக்கூடாது என்பதால் சாக்கில் போடக் குனிந்தேன். வயிறு உப்பியிருந்தது. மருந்தாலா, குட்டியாலா, தெரியவில்லை. அந்தப் பெண்ணிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மகளுக்கு இது ஒன்பதாம் மாதம். அந்த எலியைப் பற்றி வீட்டில் சொல்லவில்லை. காலையில் சாமி அறையில் நின்று சுகப்பிரசவம் வேண்டும் என்று கேட்கத் தொடங்குகிறேன். எனக்குக் கேட்க உரிமை உண்டா என்று தெரியாமல் பாதியில் நின்றுவிடுகிறேன். பின்னால் நிற்கும் மனைவி மீதியைச் சொல்லி முடிக்கிறாள்.