காசிமேட்டில் ஒரு குளவியின் பின்னால்

காலை 7.10. அம்பத்தூரிலிருந்து ராயபுரத்துக்கு ரயில் டிக்கெட் ஐந்து ரூபாய். அங்கிருந்து காசிமேடு துறைமுகத்துக்கு ஷேர் ஆட்டோ பதினைந்து. மீன்பிடித் தடைக்காலத்தின் கடைசி நாள். ஆலையில் அளவுக்கருவிகளைப் பழுதுபார்ப்பவள் நான். விடுமுறை நாட்களில் குளவிகளைக் கவனிக்கிறேன். இரண்டு மாதம் அசையாமல் நிற்கும் லாஞ்சுகள், அதாவது விசைப்படகுகள், அவற்றுக்குப் பிடித்த இடம்.

8.00. ஐஸ் ஆலைக் குழாயடியில் கருநீலக் குளவி ஒன்று ஈரமண்ணை உருட்டியெடுத்துப் பறந்தது. முப்பது மீட்டர் பின்தொடர்ந்தேன். ஒரு லாஞ்சின் மேல்தளத்தில், கொக்கிபோல் வளைந்த குழாய்க்குள் நுழைந்தது.

“இன்னாம்மா பாத்துகினு கீற?” என்றார் லாஞ்சின் உரிமையாளர் கஸ்தூரி.

“குளவிக்கா.”

“எஞ்சின் ஓடல, இவ குளவி பாக்க வந்துகிறா.” சிரித்துவிட்டு ஏறிக்கொள்ளச் சொன்னார்.

8.30. எஞ்சின் கால்மணி நேரம் ஓடி நின்றது. காலையிலிருந்து மூன்றாம் முறை. டிரைவர் ஏழுமலை பில்டரை மாற்றியும் பலனில்லை.

“பன்னெண்டு மணிக்குள்ள ஓடலன்னா நம்ம ஆளுங்க எட்டுப் பேரும் வேற லாஞ்சுக்குப் பூடுவாங்க ஏழுமல,” என்றார் கஸ்தூரி. நாளை விடியலில் எல்லாப் படகுகளும் கிளம்பும்.

குளவி மறுபடி வந்தது. இம்முறை கால்களில் சிலந்தி. “இது எந்தக் குழாய்ண்ணா?”

“டீசல் டேங்குக்குக் காத்து போறது.”

காற்று போகாவிட்டால் டீசல் வராது. குளவி உள்ளே மண்கூடு கட்டி அடைத்திருக்கும் என்றேன். ஏழுமலை கம்பியை எடுத்தார். குத்தினால் மண் டேங்குக்குள் விழும் என்றேன். ஸ்பானரால் குழாயைக் கழற்றித் தட்டினார். மண் அடைப்புகள் உதிர்ந்தன, இடையிடையே சிலந்திகள். சிலவற்றின் கால்கள் இன்னும் துடித்தன.

“சாவலியா?” என்றார் ஏழுமலை.

“கொட்டி மயக்கித்தான் வைக்கும். குஞ்சுப்புழு தின்னும்வரை கெடாது.”

“ஐஸே இல்லாம? நம்மள வுட கெட்டியா கீதே.”

தடைக்காலத்தில் மழை புகாமல் சைலன்சருக்குக் கோணி கட்டியிருந்தார்கள். வளைந்த குழாயில் மழை இறங்காதென்று இதை மட்டும் மூடவில்லை.

“கொளுத்தி வுட்டுருக்கணும் இதுங்கள,” என்றார் கஸ்தூரி.

இந்த வகை தனியாக வாழ்வது, சீண்டாமல் கொட்டாது என்றேன். சிலந்திகள் அளவுமீறாமல் இருப்பதில் இதற்குப் பங்குண்டு. இதன் உறவுக்காரக் குளவிகள் தோட்டத்துப் புழுக்களைப் பிடிக்கின்றன. கஸ்தூரி கேட்டுக்கொண்டார்; ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

10.15. எஞ்சின் ஒருமணி நேரமாக ஓடுகிறது. ஆட்கள் ஐஸ் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். கொசுவலைத் துண்டொன்றைக் குழாய் வாயில் கட்டினார் ஏழுமலை. அதைப் பார்த்துப் பக்கத்து லாஞ்சு டிரைவர் தன் குழாயருகே குனிந்தார்.

நான் கிளம்பும்போது குளவி இன்னொரு சிலந்தியோடு திரும்பி வந்தது. வலையின்மேல் உட்கார்ந்தது, எழுந்தது, மறுபடி உட்கார்ந்தது. பார்க்க வந்த கூட்டைக் காட்டிக் கொடுத்தவள் நான்தான். மறுமுறையும் அதையேதான் செய்வேன். ஆனாலும், அது சிலந்தியைத் தூக்கிக்கொண்டு எங்காவது போகும்வரை என்னால் படகிலிருந்து இறங்க முடியவில்லை.