க்ளிக் சத்தமும் ஒரு படகுப் பாட்டும்

'ஆலோசனைப் பெட்டியில் இடப்படும் ஒவ்வொரு படிவத்துக்கும் ஏழு வேலை நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரப்பட வேண்டும். தாமதமானால் அதற்கான காரணம் உரிய கட்டத்தில் குறிக்கப்பட வேண்டும்.'

எங்கள் ஆலையின் நடைமுறைக் கையேட்டில் இருந்த விதி இது. எழுதியவன் நான். வேலையில் இருந்த காலம் முழுக்க இதை மீறியவர்களுக்கு நினைவூட்டல் அனுப்பிக்கொண்டிருந்தவனும் நான். ஒரே ஒரு முறை நானே மீறினேன். காரணம் ஒரு பாட்டு.

1. பாட்டுக்குப் பொறுப்பாளர்

ஒரகடத்தில் கார்களுக்கு ஒயரிங் ஹார்னஸ் செய்யும் ஆலை அது. காரின் விளக்கு, ஹாரன், கண்ணாடி என்று எல்லாவற்றுக்கும் கரண்ட் கொண்டுபோகும் ஒயர்க் கொத்துக்குத்தான் ஹார்னஸ் என்று பெயர். நான் தர நடைமுறைகளின் மேலாளர். எந்தத் துறைக்கும் சொந்தமில்லாத வேலை எல்லாம் கடைசியில் நடைமுறைத் துறைக்கு வந்து சேரும். பணியாளர்கள் வரிசையாக உட்கார்ந்து ஹார்னஸ் கட்டும் லைனில் பாட்டுப் போடும் வேலையும் அப்படித்தான் என்னிடம் வந்தது.

ஒரு வேலைக்குறிப்பு எழுதினேன். ஒலி அளவு இவ்வளவுக்குள் இருக்க வேண்டும். மதம், சாதி, கட்சி எதையும் சீண்டக்கூடாது. பணியாளர் கவனம் சிதறக்கூடாது. இந்த மூன்றையும் கறாராகப் பார்த்ததில், நான் கல்யாணம் செய்துகொண்ட ஆண்டுக்குப் பிறகு வந்த பாட்டு எதுவுமே தேறவில்லை. தற்செயல் என்றுதான் அப்போது நம்பினேன்.

இன்றைய பாட்டுகளைப் பற்றி என் கருத்து அந்த ஆலையில் எல்லோருக்கும் தெரியும். பாடகர் பாடுகிறாரா, பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் செய்கிறாரா என்று விளங்காது. பல்லவியில் நாலு வார்த்தை; அதில் மூன்று ஒரே வார்த்தை. மீதி முழுக்க அடிவயிற்றை உதைக்கும் தாளம். என் காலத்துப் பாட்டில் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம்.

அதிலும் ஒரு படகுப் பாட்டு. துடுப்புச் சத்தத்துக்காக யாரோ ஒருவர் இரண்டு மரக்கட்டைகளை 'டக், டக்' என்று தட்டியிருப்பார். அம்பத்தூரில் நான் அப்ரண்டிஸாக இருந்தபோது ஆறு பேர் தங்கிய அறையில் ஒரே ஒரு டிரான்சிஸ்டர். ஞாயிறு மதியம், விரும்பிக் கேட்டவர் பெயரைச் சொல்லிப் பாட்டுப் போடும் நேயர் விருப்பத்துக்கு அந்தப் பாட்டைக் கேட்டு எட்டு அஞ்சலட்டை போட்டேன். எட்டு ஞாயிறு, சாப்பாட்டுத் தட்டோடு ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பெயர் வரவில்லை. ஏழு நாள் விதியை எழுதும்போது அந்த ஞாயிறுகள்தான் என் நினைவில் இருந்தன. கையேட்டில் அதற்கு இடமில்லை என்பதால் எழுதவில்லை.

படகுப் பாட்டு எங்கள் லைனில் காலை ஒருமுறை, மதியம் ஒருமுறை ஓடும்.

2. தள்ளு, கேள், இழு

ஹார்னஸ் வேலையின் உயிர் இந்த மூன்று சொல்லில் இருக்கிறது. ஒயர் முனையில் உள்ள டெர்மினலைக் கனெக்டர் கூட்டுக்குள் தள்ள வேண்டும். 'க்ளிக்' என்று பூட்டும் சத்தம் கேட்க வேண்டும். பிறகு மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். க்ளிக் கேட்காமல் விட்டால் அது அரைப் பூட்டு. மெல்ல இழுத்தால் வராது. டெஸ்ட் பலகையிலும் தப்பிவிடும்; கரண்ட் போகும் அல்லவா. வண்டி ரோட்டில் குலுங்கும்போதுதான் கழன்று வரும்.

இசக்கியம்மாள் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த பயிற்சிப் பணியாளர். வடக்குப்பட்டில் ஒரு ஹாஸ்டலில் எட்டுப் பெண்களோடு தங்கியிருந்தாள். பயிற்சி முடிய மூன்று மாதம் இருக்கும்போது அவள் கட்டிய ஹார்னஸ் ஒன்றில் அரைப் பூட்டு என்று வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தது. அந்த வாரமே ஆலோசனைப் பெட்டியில் அவளுடைய படிவம் கிடந்தது.

'படகுப் பாட்டில் வரும் கட்டைச் சத்தமும் க்ளிக் சத்தமும் ஒரே மாதிரி இருக்கின்றன. கேட்டது கையிலா, பாட்டிலா என்று தெரியவில்லை. புதுப் பாட்டுப் போட்டால் இந்தக் குழப்பம் வராது. அதில் சத்தம் எல்லாம் அடியில் டும் டும் என்று இருக்கும். க்ளிக் மேலே தனியாகக் கேட்கும்.'

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. புதுப் பாட்டுக் கேட்க ஆசை, அதற்குத் தொழில்நுட்பக் காரணம் வேறா? 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதிக் கோப்பில் வைத்தேன். அந்தச் சொற்றொடரின் பொருள் என்ன என்பது அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும்.

ஏழாவது வேலை நாள் போனது. இருபதாவது நாளும் போனது. அவள் பெயரில் இரண்டாவது புகார் வந்தது.

இரண்டு புகார் வந்தால் பயிற்சி நிறுத்தப்படும். அந்த விதியும் நான் எழுதியதுதான். கூட்டத்தில் அதைப் பக்க எண்ணோடு படித்தேன். லைன் சூப்பர்வைசர் தனசேகர் மட்டும் எழுந்தார். மணிமங்கலத்துக்காரர், கூட்டங்களில் வாய் திறக்காதவர்.

"சார், அந்தப் பொண்ணு கை சுத்தமான கை சார். பாட்டுல இன்னாமோ கீதுன்னு சொல்லிக்கினே இருக்குது. ஒருவாட்டி பாத்துட்டு அனுப்பலாமே?"

"பாட்டுல என்ன இருக்கும் தனசேகர்? சங்கீதம் இருக்கும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அன்று மாலை அடையாள அட்டையை ஒப்படைக்க இசக்கியம்மாள் என் அறைக்கு வந்தாள். கையெழுத்துப் போட்ட பிறகும் நின்றாள்.

"சார், நான் போட்ட சீட்டுக்குப் பதில் வரலையே?"

"பரிசீலனையில இருக்கும்மா."

"சரி சார். பாட்டக் கொறை சொல்லுதேன்னு நெனச்சிராதீங்க. நல்ல பாட்டுதான். எங்கப்பா வண்டி ஓட்டும்போது அதத்தான் பாடிக்கிட்டே இருப்பாவ." சற்று யோசித்துவிட்டு, "கட்டைச் சத்தத்தையும் சேத்தே பாடுவாவ" என்றாள். "வாரேன் சார்."

3. நான் பூட்டிய ஐம்பது

மூன்றாவது அரைப் பூட்டு வந்தபோது அவள் ஊருக்குப் போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஸ்பீக்கருக்கு நேர் கீழே இருந்த அதே மேசை, அதே கனெக்டர். இந்த முறை கட்டியவர் ஏழு வருட அனுபவம் உள்ளவர். தனசேகர் தாளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"இப்போ இன்னா சொல்றீங்கோ சார்? இந்த அம்மாவும் புதுப் பாட்டு கேக்கத்தான் உட்டுட்டாங்களா?"

மதியம் லைன் நின்ற நேரத்தில் நான் அந்த மேசையில் உட்கார்ந்தேன். தனசேகர் படகுப் பாட்டைப் போட்டார். ஐம்பது டெர்மினல் தள்ளினேன். ஒவ்வொன்றுக்கும் க்ளிக் கேட்டேன்; சத்தியம் செய்திருப்பேன். தனசேகர் கூட்டைப் பிரித்துப் பார்த்தார்.

"நாலு பூட்டல சார்."

"எனக்குக் கேட்டதே?"

"கட்டைய கேட்டுக்கினு இருந்திருப்பீங்கோ."

பிறகு தன் மொபைலை ஸ்பீக்கரில் இணைத்து ஒரு புதுப் பாட்டைப் போட்டார். மகள் எந்நேரமும் கேட்கும் பாட்டாம். மேசை அதிர்ந்தது. பல்லவியில் நாலு வார்த்தை. எண்ணிப் பார்த்தேன், மூன்று ஒரே வார்த்தைதான். ஆனால் அந்தத் தாளம் முழுக்கக் கீழே, தரைக்குப் பக்கத்தில் ஓடியது. அதற்கு மேலே ஒவ்வொரு க்ளிக்கும் சுத்தமாக, தனியாக வந்து காதில் விழுந்தது. ஐம்பதும் பூட்டியிருந்தன.

"இன்னொருவாட்டி பாக்கலாமா சார்?" என்று தனசேகர் கேட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருக்க வேண்டும்.

"வேணாம். தெரிஞ்சுடுச்சு."

புகார் அறிக்கையில் 'மூல காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. எழுதி அனுப்பினேன். ஆலை மேலாளர் கூப்பிட்டார்.

"என்னய்யா, மூல காரணம்னு பாட்டைப் போட்டிருக்கீங்க?"

"பாட்டைப் போடலை சார். பாட்டைத் தேர்ந்தெடுத்தவரைப் போட்டிருக்கேன்."

அவர் மறுபடி படித்தார். சிரிக்கவில்லை. பயிற்சி நாட்கள் தொடரும்படி அவளைத் திரும்ப எடுக்கலாம் என்ற தாளில் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

4. தாமதத்துக்கான காரணம்

தனசேகர் அவள் எண்ணுக்குப் பலமுறை கூப்பிட்டுப் பார்த்தார். "சுவிட்ச் ஆஃப் சார். வேற கம்பெனில சேந்துடுச்சோ, இன்னாவோ." ஹாஸ்டல் தோழிகளுக்கும் தெரியவில்லை. விண்ணப்பத்தில் இருந்த ஊர் முகவரிதான் மிச்சம்.

அவளுடைய படிவத்தை எடுத்தேன். 'முடிவு' என்ற கட்டத்தில் 'ஏற்கப்பட்டது' என்று எழுதினேன். அதற்குக் கீழே தாமதத்துக்கான காரணம். இந்தக் கட்டத்தில் 'வேலைப்பளு' என்பதைத் தவிர வேறு சொல்லை நான் என் பணிக்காலத்தில் பார்த்ததில்லை. நான் எழுதினேன்:

'அந்தப் பாட்டு எனக்கு மிகவும் பிடிக்கும். இளவயதில் அதைக் கேட்டு ரேடியோவுக்கு எட்டு அட்டை போட்டேன். என் பெயர் வரவில்லை. அதனால் இங்கே தினமும் இருமுறை போட்டேன். உங்கள் கை சரியாக இருந்தது. என் காது சரியாக இல்லை. மன்னிக்கவும்.'

கையெழுத்துப் போட்டு, ஆலை மேலாளரின் தாளையும் சேர்த்து, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். அவள் படிவம் போட்ட நாளிலிருந்து எண்ணினால் அது நாற்பத்தோராவது வேலை நாள்.

லைனில் புதுப் பாட்டு ஓட ஆரம்பித்தது. அரைப் பூட்டு நின்றது. அந்தப் பாட்டுகள் எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. இதைப் படிக்கும் இளைஞர்களிடம் பொய் சொல்வானேன். எங்கள் காலத்துப் பாட்டுதான் உசத்தி என்று இப்போதும் வாதாடுவேன், என் வீட்டுக் கூடத்தில். வேலை நடக்கும் இடத்தில் மட்டும் பாட்டு நல்லதா என்று அதன்பிறகு கேட்டதில்லை. அது ஓடும்போது வேறென்ன கேட்கிறது என்று, கையால் வேலை செய்பவரிடம் கேட்பேன். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு முப்பத்தைந்து வருடமும் ஒரு பெண்ணின் வேலையும் தேவைப்பட்டன.

ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. அவளே வாங்கிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. தபால்காரர் வரும் நேரத்தில் கேட் பக்கம் எனக்கு ஏதாவது வேலை இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். தனசேகர் கவனித்தார். டெர்மினல் பெட்டி எண்ணும் சாக்கில் அவரும் இரண்டு நாள் கேட்டுக்கு வந்தார்.

இயந்திரங்களைத் துடைத்துச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில் அந்த உறை வந்தது. உள்ளே கடிதம் இல்லை. எங்கள் ஆலோசனைப் படிவம் இருந்தது. போகும்போது ஒன்றைக் கையோடு கொண்டுபோயிருக்கிறாள். 'ஆலோசனை' என்ற கட்டத்தில் எழுதியிருந்தாள்:

'பூஜை முடிந்த திங்கட்கிழமை காலை ஷிஃப்டுக்கு வருகிறேன். படகுப் பாட்டை நிறுத்த வேண்டாம். பத்து மணி டீ இடைவேளையில் போடலாம். அப்போது யாரும் கனெக்டர் பூட்டுவதில்லை. ஆனால் பாட்டுக்கு முன்னால் மைக்கில், விரும்பிக் கேட்டவர் என்று உங்கள் பெயரைச் சொல்ல வேண்டும். நான் சொல்கிறேன்.'

ஒப்புகை அட்டையை எடுத்து, என் பதில் அவள் கைக்குப் போன தேதியிலிருந்து எண்ணினேன். பிறகு அவளுடைய படிவத்தில் வரவு முத்திரை குத்தினேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள். ஏழாவது வேலை நாள்.