மட்டக்குதிரைக்கு ஊறவைத்த தீவனம்

என் கணவரின் அண்ணனை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். இன்றைக்கும் அப்படித்தான், மரியாதையில் ஒரு குறையும் வைப்பதில்லை. எங்கள் பக்கம் ஒருவரை வெறுப்பதென்றாலும் 'ங்க' போட்டுத்தான் வெறுக்க வேண்டும்.

அன்னூருக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டாலும் இரண்டு வீட்டுக்கும் வாசல் ஒன்று. நான் பெரியநாயக்கன்பாளையத்தில் பிறந்தவள். அப்பாவுக்கு இரும்பு வார்க்கும் பவுண்டரியில் வேலை. குதிரையைக் கல்யாணத்துக்கு முன்பு பக்கத்தில் நின்று பார்த்ததுகூட இல்லை.

மாமாவிடம் ஒரு மட்டக்குதிரை இருந்தது. ரேக்ளா வண்டிப் பந்தயத்தில் அது ஓடி வாங்கிய கோப்பைகளை அவர் முன்னறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார். நான் சொல்லும் காலம் தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அப்போது அதற்கு வயது இருபதைத் தாண்டியிருந்தது. கடைவாய்ப் பற்கள் தேய்ந்துபோய், சோளத்தட்டைக் குதப்பிக் குதப்பி ஈர உருண்டைகளாகக் கீழே துப்பும். வயிற்றுக்குள் போவது பாதிகூட இருக்காது. விலா எலும்புகளைத் தள்ளி நின்றே எண்ணலாம்.

ஊட்டியில் குதிரை வைத்திருந்த சிநேகிதர் ஒருவர் மாமாவுக்கு ஒரு மூட்டை தீவனம் கொடுத்தனுப்பினார். காய்ந்த புல்லை அரைத்து, அழுத்தி, சுண்டுவிரல் பருமனில் குச்சி குச்சியாகச் செய்தது. ஊறவைத்துப் போடச் சொல்லி அவர் சொல்லியனுப்பியிருந்தார். மூட்டை வந்த நாளில் இருந்து அதை ஊறவைத்துக் கொடுத்தது நான்தான். அந்த வேலையை மாமா என்னிடம் விட்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவின் சம்பந்தி வீட்டார் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். நான் அடுப்படியில் இருந்தேன். குதிரைக்குக் காலையில் இருந்து ஒன்றும் போடவில்லை. மாமா அவர்களைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய், "ஊட்டி ரேஸ்குதிரை திங்கற தீவனமுங்க" என்று சொல்லி, மூட்டையை அப்படியே அன்னக்கூடையில் சாய்த்துக் குதிரையின் முன்னால் வைத்தார். ஜன்னல் வழியாக நான் பார்த்தேன். ஓடிப்போய் "ஊற வெக்கோணுங்க மாமா" என்றேன். "அதெல்லாம் தின்னுமுங்க அம்மணி, நீங்க போய் காப்பியப் பாருங்க" என்றார்.

பசித்த குதிரை வாரி விழுங்கியது. காப்பி கொதிப்பதற்குள் கூச்சல் கேட்டது. குதிரை கழுத்தை முன்னால் நீட்டி நீட்டி இழுத்தது. இருமியது. மூக்குத் துவாரங்களில் இருந்து பச்சை நுரை வழிந்தது. அரை மணி நேரமாகியும் நிற்கவில்லை. மாமா மூங்கில் குழாயை எடுத்து வாய்க்குள் எண்ணெய் ஊற்றப் போனார். அதற்குள் என் கணவர் டாக்டரைக் கூட்டிவந்துவிட்டார். கால்நடை டாக்டர் அந்த மூங்கில் குழாயைப் பிடுங்கி எறிந்தார். "தொண்டை அடைச்சிருக்குது. இப்ப ஊத்துனா நேரா நுரையீரலுக்குப் போயிரும்" என்றார். ஊசி போட்டு, மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு, தலையைத் தாழ்த்திப் பிடிக்கச் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் செலுத்தி அடைப்பைக் கரைத்தார். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கடைசியில் ஒரு கவளம் பச்சைக் கூழ் வெளியே விழுந்தது. குதிரை நடுங்கிக்கொண்டு நின்றது.

கையைக் கழுவிக்கொண்டே டாக்டர் கேட்டார். "யாருங்க வறட்டுத் தீவனத்தப் போட்டது?"

மாமா என் பக்கம் திரும்பினார். "நம்ம தம்பி சம்சாரந்தானுங்க தீவனம் போடறது. டவுன்ல இருந்து வந்தவங்க. தெரியாம போட்டுட்டாங்க. ஒண்ணும் சொல்லாதீங்க."

பெரிய மனது பண்ணி என்னை மன்னித்துவிட்டார்.

டாக்டர் என்னைப் பார்த்து, "வாயில்லா ஜீவனுங்க அம்மா, கொஞ்சம் பாத்துச் செய்யக்கூடாதா?" என்றார். சம்பந்தி வீட்டார் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். மற்றவர்கள் குதிரையைப் பார்த்தார்கள். என் கணவரிடம் நடந்ததை நான் முன்பே சொல்லியிருந்தேன். அவர் செருப்பில் ஒட்டிய சாணியைக் கல்லில் தேய்த்துக்கொண்டு நின்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு நிமிடத்துக்காக என்னை நானே எத்தனை முறை திட்டியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

மறுநாள் மாமா குதிரையைக் கேரளத்து வியாபாரிக்குத் தள்ளிவிடப் பேச்செடுத்தார். நான் வாசலுக்கு வந்து, "எனக்குக் குடுத்துருங்க மாமா" என்றேன்.

அவர் சிரித்தார். "நீங்க எதுக்குங்க அம்மணி செரமப்படறீங்க? இது தை மாசத்தத் தாண்டாது."

"தாண்டுதான்னு பாத்துக்கலாமுங்க."

அன்றைக்குக் குதிரை மேல் எனக்குப் பாசம் ஒன்றும் இல்லை. அவர் வார்த்தை பொய்யாக வேண்டும், அந்த மிருகம் அவர் கண்முன்னால் கொழுத்து நிற்க வேண்டும். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

பஸ் ஏறி அன்னூர் போய் டாக்டரிடம் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டேன். யார் போட்டது என்று அவரிடம் சொல்லவில்லை. தனியாக ஓர் அறைக்குள் சொன்னால் எனக்கு என்ன கிடைக்கும்? ஒரு படி குச்சிக்கு மூன்று படி தண்ணீர். குளிர்காலமென்றால் வெதுவெதுப்பான தண்ணீர். ஊறியதும் கையால் பிசைந்து பார்க்க வேண்டும். நடுவில் கட்டி என்று ஒன்றுகூட விரலில் தட்டக்கூடாது. ஒரே நேரத்தில் நிறைய வைக்காமல் நாளைக்கு நாலு வேளையாகப் பிரிக்க வேண்டும். அவசரமாக விழுங்காதபடி தொட்டியில் உள்ளங்கை அளவு உருண்டைக் கற்கள் இரண்டு போட வேண்டும். வெயில் காலத்தில் மிச்சத்தை உடனே கொட்டித் தொட்டியைக் கழுவ வேண்டும், புளித்தால் வயிற்றுவலி வரும். மாடு ஆடு பக்கத்தில் வரக்கூடாது. பங்குக்கு ஆள் வந்தால் கிழக்குதிரையும் அள்ளி விழுங்கும். தொண்டைப் புண் ஆறும் வரை தண்ணிக் கஞ்சிபோலக் கரைத்துக் கொடுத்து, பிறகு மெதுவாகக் கெட்டியாக்கினேன். மூட்டை தீரத் தீர அந்த ஊட்டிச் சிநேகிதரிடம் காசு கொடுத்து வரவழைத்தேன்.

இதையெல்லாம் நான் கொட்டகைக்குள் செய்யவில்லை. பொது வாசலில், மாமா காலையில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிக்கும் இடத்துக்கு எதிரில் செய்தேன். தண்ணீரில் குச்சிகள் உப்பி உடையும்போது பச்சைப் புல் வாசனை வரும். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் "என்னங்க அது?" என்று நிற்பார்கள்.

"குதிரைத் தீவனமுங்க. வறட்டா போட்டா தொண்டைல அடைச்சுக்கும். ஒருக்கா யாரோ போட்டுட்டாங்க" என்பேன். மாமாவைத் திரும்பிப் பார்க்க மாட்டேன். பேப்பர் மடங்கும் சத்தம் மட்டும் கேட்கும். அது போதும்.

என் கணவருக்கும் ஒரு பங்கு வைத்தேன். மார்கழிக் குளிரில் விடிவதற்குள் எழுந்து தீவனத்துக்கு வெந்நீர் போடுவது அவர் வேலை. ஏன் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும்.

தை வந்தது, போனது. குதிரையின் விலா மூடிக்கொண்டது. அடுத்த தைக்கு ரோமம் பளபளத்தது. மூன்றாவது வருடம் மாமாவின் மகள் பிள்ளைக்குக் காதுகுத்து வைத்தார்கள். பேரனைக் குதிரை மேல் உட்காரவைத்துக் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று அக்கா வந்து கேட்டார். அக்கா என்றால் மாமாவின் மனைவி, நல்லவர். "மாமா வந்து கேக்கட்டுமுங்க அக்கா" என்றேன்.

காதுகுத்து அன்று காலை வாசல் நிறைய உறவு. அதே சம்பந்தி வீட்டாரும் இருந்தார்கள். மாமா பட்டு வேட்டியோடு வந்து, "குதிரையப் புடிச்சுட்டுப் போலாமுங்களா அம்மணி?" என்றார்.

மூன்று வருடமாக மனத்துக்குள் சொல்லிப் பழகிய வாக்கியம், தடுமாறாமல் வந்தது. "போலாமுங்க மாமா. அன்னைக்கு வறட்டுத் தீவனம் போட்டது யாருன்னு இவங்க எல்லாருக்கும் ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் புடிச்சுக்கங்க."

மாமாவின் முகம் கறுத்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நாந்தானுங்க போட்டேன்" என்றார், தரையைப் பார்த்து.

நான் சுற்றிலும் பார்த்தேன். ஒரு முகத்திலாவது அதிர்ச்சியைத் தேடினேன். சம்பந்தி அம்மா மெதுவாகச் சொன்னார். "அது அன்னைக்கே பாத்ததுதானுங்களே, கண்ணு. எங்க கண்ணு முன்னாலதான போட்டாரு."

பார்த்தவர்கள்தான். அது எனக்கும் தெரியும். ஆனால் மூன்று வருடமாக அவர்கள் அதை எங்காவது பேசியிருப்பார்கள், என் மேல் பழி விழுந்ததைப் பற்றி ஒருவராவது வருத்தப்பட்டிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அவர்களுக்கு அது காப்பியோடு முடிந்துபோன விஷயம். மேளக்காரர் அடிக்க ஆரம்பித்தார். யாரோ என் கையில் சீர்த்தட்டைக் கொடுக்க வந்தார்கள்.

நான் தட்டை வாங்கவில்லை. குதிரையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். "தலக்கயிறு எங்கையிலதான் இருக்கோணும். ஆரும் அதுக்கு ஒண்ணும் தின்னக் குடுக்கக்கூடாது" என்றேன். பையனை ஏற்றினார்கள். கோயில் வரைக்கும் நான் முன்னால் நடந்தேன். மாமா பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதிரைக்குப் பின்னால் வந்தார். வழியில் அது இரண்டு முறை லத்தி போட்டது. அந்த நடை எனக்கு இனித்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகு குதிரை இரண்டு வருடம் இருந்தது. அடைப்பு ஒருநாளும் வரவில்லை. ஒரு மத்தியானம் வேப்பமர நிழலில் படுத்தது, எழவில்லை. அன்றைக்கு அழுதேன். எப்போது பாசம் வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

குழி தோண்ட மாமா இரண்டு ஆட்களை அனுப்பினார். காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன். நானும் கணவரும் தோண்டினோம். நாலு நாள் கழித்து மாமா வந்தார். மூட்டையில் பாதித் தீவனம் கிடக்கிறதே, அவர் வீட்டு மாட்டுக்கு ஆகுமே என்றார்.

"ஊற வெச்சு வெக்கறனுங்க மாமா, சாயங்காலம் வாங்க" என்றேன். மொத்தத்தையும் ஊறவைத்தேன். அவர் வருவதற்குள் தென்னை மரங்களுக்குக் கொட்டிவிட்டேன்.