கடல் இல்லாத படங்கள்

அந்தமான் மாயாபந்தரில் மின்சார லைன்மேனாக இருந்த காத்தமுத்துவுக்கு ஃபேஸ்புக் பழக்கம் வந்தது ஐம்பது வயதில். 2014-ல் அங்கே ஒரு படம் மேலே ஏறுவதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். அப்படியும் மனிதர் விடவில்லை. கம்பத்தில் கூடு கட்டிய மைனா, வெயிலில் காயும் பாக்கு, மனைவி விசாலாட்சி விரட்டிப் பிடித்த கோழி என்று தினமும் ஒன்று போட்டார்.

ஒருநாள் மதுரையிலிருந்து அக்கா மகள் அகிலா எழுதியிருந்தாள்: "மாமா, தீவுல இருந்துக்கிட்டு ஒரு கடல் படம்கூடப் போடலையே?"

சிரிப்புப் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு, பழைய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். இருநூறு சொச்சம் இருந்தன. கடற்கரைக்குப் பிக்னிக் போன அன்றும் பிரியாணி அண்டாவைத்தான் எடுத்திருந்தார். படகுத்துறையில் எடுத்ததிலும் டிக்கெட் வரிசை மட்டும்தான். அவர் திட்டமிட்டு எதையும் ஒதுக்கவில்லை. போனை மனைவியிடம் நீட்டினார்.

"விசாலம், நீ கவனிச்சியா?"

"பத்து வருஷமா கவனிக்கிறேன், கடல் பக்கம் பார்க்கவே மாட்டேங்கிறீங்க. நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்."

சுனாமி வந்தபோது அவள் மெயின்லேண்டில் தாய் வீட்டில் இருந்தாள். அப்போது வேலை பார்த்த நிக்கோபாரின் கேம்பல் பே குவார்ட்டர்ஸில் காத்தமுத்துவும் உடன் வேலை பார்த்த ஜெகநாதனும்தான். நிலம் ஆடி அடங்கியதும் இருவரும் மேட்டைப் பார்த்து ஓடினார்கள். தண்ணீர் இடுப்புக்கு ஏறியபோது ஜெகநாதன் அவர் கையைப் பிடித்திருந்தான்.

"நான்தான் உதறினேன். விசாரிச்சவங்ககிட்ட அவனைப் பார்க்கவே இல்லைன்னு சொல்லிட்டேன்."

விசாலாட்சி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, "அவங்க வீட்டுக்குத் தெரியணுமில்ல?" என்றாள்.

மறுநாள் படமில்லாமல் எழுதினார்: 'ஜெகநாதன், கேம்பல் பே. கடைசியாக அவனோடு இருந்தது நான்தான். வீட்டார் யாராவது பார்த்தால் அழைக்கவும்.' கீழே தன் நம்பர்.

மூன்று வாரம் கழித்து, "காத்தமுத்து போல் ரஹே ஹைன்?" என்று ஒரு பெண்குரல் இந்தியில் ஆளை விசாரித்தது. "ஆமா" என்றதும் தமிழுக்கு வந்தது. "நான் அலமு. ஜெகநாதனோட அக்கா. திக்லிபூர்ல தையல் கடை வெச்சிருக்கேன்."

மூன்று மணி நேர பஸ் தூரம்தான். இத்தனை வருஷமும் அங்கேதான் இருந்திருக்கிறார்.

போனில் சொல்ல மனம் வராமல் நேரில் போனார். தைக்கவிருந்த துணியை மடியில் வைத்தபடி அலமு கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் கையை விட்டுட்டேன்க்கா."

அலமு துணியை நீவினார், மறுபடியும் நீவினார்.

"அன்னைக்குக் காலையில ஏதாவது சாப்பிட்டானா?"

"சாப்பிட்டான்க்கா. பக்கத்து வீட்டுல கிறிஸ்துமஸ் கேக் கொடுத்திருந்தாங்க. என் பங்கையும் அவனே தின்னுட்டான்."

அலமுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு குலுங்கி அழுதார்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. காத்தமுத்துவும் கேட்கவில்லை. தம்பி அங்கே எப்படி இருந்தான், யாரோடு பழகினான், அந்தப் பழைய இருமல் விட்டதா என்று கடைசி பஸ் கிளம்பும்வரை அலமு கேட்டுக்கொண்டே இருந்தார். காத்தமுத்துவும் தெரிந்ததையெல்லாம் சொன்னார்.